டொமோயாவின் அப்பா

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாக்கர் இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே போன வாரம் அப்பாவின் வருஷத் திதி முடிந்தது. தங்கை நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது.

அந்த ராத்திரிகளில் 'கிளானாட்'டை மறுபடி வாசித்தேன், திரையில் கிளிக் செய்து கதையாக வாசிக்கும் அந்த ஜப்பானிய கேமை. விடுதியில் உன் லேப்டாப்பில் விடிய விடிய உட்கார்ந்தோமே, அதேதான். கதாநாயகன் டொமோயாவின் மனைவி நாகிசா பிள்ளை பெற்ற அன்றே கண்மூடும் இடத்தில் நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நானும் அப்போது அவளுக்காகத்தான் அழுதேன். இந்தத் தடவை என்னை உலுக்கியது டொமோயாவின் அப்பா.

நவோயுகி என்ற பேர்கூட அப்போது நம் மனதில் நிற்கவில்லை. மனைவி விபத்தில் போனபின் மகனை ஒற்றை ஆளாக வளர்த்தவர், குடியில் விழுந்தவர். ஒரு சண்டையில் மகனின் தோள்பட்டை அடிபட்டு, கூடைப்பந்து ஆடிய பையனுக்கு வலது கையை மேலே தூக்க முடியாமல் போகிறது. அதற்கப்புறம் அவர் அவனை 'டொமோயா-குன்' என்று கூப்பிடுகிறார். 'குன்' என்பது பையன்களின் பேரோடு ஜப்பானியர் சேர்க்கும் மரியாதை ஒட்டு. அது ஒட்டிக்கொண்டதும் பெற்ற மகன் யாரோ தெரிந்த வீட்டுப் பையன் மாதிரி ஆகிவிடுகிறான்.

2004-ல் கீ நிறுவனம் முதலில் வெளியிட்டபோது இதில் குரலே கிடையாது. நான் இப்போது வாசித்தது குரல் சேர்த்த பதிப்பு. எல்லாருக்கும் குரல் இருக்கிறது, டொமோயாவுக்கு மட்டும் இல்லை. அப்பா கனிவாகப் பேசுகிறார், மகனின் பதில் வெறும் எழுத்தாக வருகிறது. அடுத்த வரிக்கு நான்தான் கிளிக் செய்ய வேண்டும். சில இடங்களில் கை வரவில்லை.

அப்புறம் அந்தப் பூவெளி. மகள் உஷியோவை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு ஐந்து வருஷம் வேலை வேலை என்று கிடந்த டொமோயா, முதல்முறையாக அவளை வெளியூர் கூட்டிப்போகிறான். வழியில் வாங்கித் தந்த பொம்மை ரோபோ பூக்களுக்கு நடுவே தொலைந்துபோகிறது. வேறு வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். அப்பா முதன்முதலில் வாங்கித் தந்தது அதுதான் என்று குழந்தை தேடிக்கொண்டே இருக்கிறாள். அழவில்லை. கழிவறையிலும் அப்பா மார்பிலும்தான் அழலாம் என்று பாட்டி சனாயே சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த ஊரில்தான் நவோயுகியின் அம்மா டொமோயாவைச் சந்திக்கிறார். "சின்னப் பிள்ளையாக இருந்த உன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே வளர்ப்பேன் என்று உன் அப்பா இங்கேதான் உறுதி எடுத்தான்" என்று அவனிடம் சொல்கிறார். தின்பண்டமும் பொம்மையும் வாங்கித் தந்த அப்பா அப்போதுதான் டொமோயாவுக்கு ஞாபகம் வருகிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் அப்பா போனில் "தம்பி, வேலையா இருக்கீங்களா? பேசலாங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். சம்பாதிக்கும் பிள்ளைக்குத் தரும் மரியாதை என்றே நினைத்திருந்தேன். 'டேய்' எப்போது நின்றது என்று யோசித்தேன், பிடிபடவில்லை. தங்கைக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடன் விஷயமாக நான் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய பொங்கலுக்கு அப்புறம்தான் என்றாள்.

உன் கல்யாணம் அதற்கு முந்தின வருஷம். பந்தியில் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவது வீடியோவில் ஒரு இடத்தில் வரும் என்று நினைக்கிறேன். தேடிப் பார்த்து அனுப்புவாயா?

அன்புடன்,
குமார்