கறள் பிடித்த இலையை எருக்குவியலில் போடாதீர்கள்

இங்கிலாந்தில் அலாட்மென்ட் (வாடகைத் துண்டு நிலம்) எடுத்துத் தோட்டம் செய்யும் நம்மவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துப் பொது எருக்குவியலின் மேல் ஒரு கட்டு ஹாலிஹாக் பூச்செடியின் இலை கிடந்தது. ஒன்றைப் பிரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறக் கொப்புளங்கள். போட்டவர் நம்மவர்தான். வருத்தம் பிடித்த இலையைக் கிள்ளியது சரியான வேலை. அதைக் கொண்டுபோய்ப் போட்ட இடம்தான் பிழை.

இது கறள் நோய். தமிழ்நாட்டில் துரு நோய் என்பார்கள். பக்சீனியா மால்வேசியாரம் என்ற பூஞ்சையால் வருகிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இது 1873இல் இங்கிலாந்தில் காணப்பட்டது. எசெக்ஸின் சாஃப்ரன் வால்டனில் வில்லியம் சேட்டர் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய அடுக்கு ஹாலிஹாக் செடிகளில் பெரும்பகுதி இந்த நோயால் அழிந்தது. இன்றும் விதைப் பொதியில் 'சேட்டர்ஸ் டபுள்' என்று அவர் பெயரைக் காணலாம். ஏறக்குறைய அதே காலத்தில், 1869இல், இலங்கை மலையகத்தின் கோப்பித் தோட்டங்களில் வேறொரு கறள் பூஞ்சை புகுந்து கோப்பிச் செய்கையையே முடித்துவைத்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறிய கதை எங்களுக்குத் தெரியும். கறள்தானே என்று அலட்சியமாய் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

கோதுமைக் கறளுக்குத் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க இன்னொரு செடி வேண்டும். ஹாலிஹாக் கறளுக்கு அது தேவையில்லை. கொப்புளத்திலுள்ள பூஞ்சை வித்துகள் ஈரம் பட்டதும் இருந்த இடத்திலேயே முளைத்து, அடுத்த இலைக்குப் பரவும் நுண்ணிய வித்துகளை விடும். மாரியில் உதிர்ந்த இலையிலும், காய்ந்த தண்டிலும், அடிக்கட்டையை ஒட்டிய சிற்றிலைகளிலும் நோய் தங்கியிருக்கும். வீட்டு எருக்குவியலில் அதைக் கொல்லுமளவு சூடு ஏறும் என்று நம்ப முடியாது. நோயுள்ள இலையைக் கவுன்சிலின் பச்சைக் கழிவுத் தொட்டியில் போடுங்கள், அல்லது ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.

வேலியோரம் தானாக முளைக்கும் மாலோ களையையும் பாருங்கள். அது ஹாலிஹாக்கின் இனம், இதே கறள் அதிலும் வரும். எத்தனை இலை கிள்ளினாலும் வேலிக்களை நின்றால் நோய் திரும்ப வரும். என் தோட்டத்தில் இரண்டு வருசம் இதைக் கவனிக்காமல் விட்டு ஏமாந்தேன்.

செடிக்குச் செடி குறைந்தது இரண்டடி விடுங்கள், காற்றுப் போகட்டும். தண்ணீரை இலையில் அல்ல, காலையில் அடியில் ஊற்றுங்கள். வசந்தத்தில் அடியிலைகளைப் பிரட்டிப் பாருங்கள், முதற்கொப்புளம் அங்கேதான் வரும். பூஞ்சைக்கொல்லி புதிய இலையைக் காக்குமே ஒழிய, கறள் பிடித்த இலையைச் சுகமாக்காது. அடிப்பதென்றால் அலங்காரச் செடிகளுக்கென்று விற்பதை, லேபிளில் சொன்னபடி மட்டும் அடியுங்கள். பக்கத்துப் பாத்தியில் யாரோ கீரை வைத்திருப்பார்கள்.

பழைய செடியை வருசக்கணக்காக வைத்திருக்கவும் வேண்டாம். கோடை தொடக்கத்தில் விதைத்து, அடுத்த வருசம் பூத்து முடிந்ததும் வேரோடு எடுத்துவிடுங்கள். அத்தியிலை போல வெட்டுண்ட இலையுள்ள ஹாலிஹாக் வகை கறளை ஓரளவு தாங்குகிறது. புதிதாக வைப்பவர்கள் அதை வாங்கலாம்.

இந்தப் பூவையே தோட்டத்தில் வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் செவ்வரத்தைக்கும் வெண்டிக்கும் இது உறவு. ஆளுயரத்துக்கு மேல் நின்று பூக்கும்போது தேனீக்கள் மகரந்தம் பூசிக்கொண்டு வெளியே வருவதை ஒருமுறை நின்று பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் இருப்பவர்கள் இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலிப்பக்கம் வாருங்கள். மாலோவை வேரோடு பிடுங்குவோம். கையுறையும் பழைய உரப்பையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டக்காரர்களில் ஒருவன்