பணம் போச்சு, ரசீது வரலை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு பீனியாவில் லோடு ஏற்றி நாக்பூர் போய் வருகிற பத்துச் சக்கர வண்டிக்காரன். பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். தாசரஹள்ளிக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரே வண்டி, ஓனரும் நானே, டிரைவரும் நானே. பேப்பரில் லாரிக்காரன் வந்தால் ஒன்று விபத்தாக இருக்கும், இல்லை ஸ்டிரைக்காக இருக்கும். நான் எழுதுவது இரண்டும் இல்லை. வருஷா வருஷம் லாரி பர்மிட்டுக்குப் பணம் கட்டுகிற விஷயம்.

என் கேபின் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் நாலு தேதி எழுதி வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, கர்நாடக ரோடு டாக்ஸ், வெளிமாநிலம் போக வேண்டிய நேஷனல் பர்மிட். நாலும் நாலு வேறு மாதத்தில் முடிகிறது. வண்டி 2014 மாடல். எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் எஃப்.சி. வருஷா வருஷம். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் 43,950 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. பர்மிட்டுக்கு வருஷம் 16,500, கூடவே சொந்த மாநிலத்துக்கு 1,000. மற்ற மூன்றில் ஒன்று காலாவதி ஆகியிருந்தால் பர்மிட்டைக் கட்டக் கம்ப்யூட்டர் விடாது. கட்டாமல் ஓட்டிப் பிடிபட்டால் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு.

தொகையைப் பற்றி நான் புலம்ப வரவில்லை. 2010-க்கு முன்னால் எந்தெந்த மாநிலத்துக்குப் போக வேண்டுமோ அதற்கெல்லாம் பேங்கில் தனித்தனி டிராஃப்ட் எடுத்த காலத்தையும் பார்த்தவன் நான். அதற்கு இது எவ்வளவோ தேவலை. என் சங்கடம் வேறு.

போன டிசம்பரில் நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்தேன். பர்மிட் அன்று ராத்திரியோடு முடிகிறது. என் தப்புதான், கிளம்பும் முன்பே கட்டியிருக்க வேண்டும். வாடகைப் பணம் கைக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஆதிலாபாத்துக்கு முன்னால் ஒரு டாபாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு பர்மிட் பணத்தை இணையதளத்தில் கட்டச் சொல்லி மகளுக்குப் போன் போட்டேன். பி.யு.சி. (தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாதிரி) படிக்கிறாள், இதெல்லாம் அவள்தான் பார்ப்பது. ஓ.டி.பி. என் போனுக்கு வரும், நான் படித்துச் சொல்ல வேண்டும். டவர் ஒரு கோடு வரும், போகும். நம்பர் வந்து சேர்வதற்குள் நேரம் தீர்ந்துவிடும். மூன்றாம் தடவை பணம் போயே விட்டது, 17,500. பேங்க் மெசேஜ் வந்தது. ரசீது வரவில்லை. பர்மிட்டில் பழைய தேதியே நிற்கிறது.

திரும்பக் கட்டலாம் என்றால் கணக்கில் அவ்வளவு இல்லை. உதவி நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாபாவில் ஒன்றரை நாள் கிடந்தேன். தார்ப்பாயைத் தளர்த்திவிட்டும் பெட்டிகளில் வாடை ஏறியது. புக்கிங் ஆபீஸிலிருந்து வந்த வசவை இங்கே எழுத முடியாது.

கடைசியில் பெங்களூரில் ஒரு புரோக்கரிடம் மகளை அனுப்பினேன். 800 ரூபாய் கேட்டார். இணையதளத்தைத் திறந்து, பாதியில் நின்ற கட்டணத்தைச் சரிபார்க்கும் இடம் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் அழுத்தி வண்டி நம்பரைப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் ரசீது வந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரிந்தவர் கூலி வாங்குகிறார். அந்தப் பட்டன் முதல் நாளே அங்கேதான் இருந்திருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். திரையில் எல்லாம் இங்கிலீஷ். எங்கே அழுத்த வேண்டும் என்று பணம் போனவனுக்கு ஒரு வரி மெசேஜ் வந்திருந்தால் போதும். பணம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் மெசேஜ் தவறாமல் வருகிறதே!

இதைப் படிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தால் இரண்டே விஷயம் கேட்கிறேன். யஷ்வந்த்பூர் லாரி டெர்மினலில் ஒரு மேஜை போட்டு, கன்னடமும் தமிழும் இந்தியும் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். பணம் போய் ரசீது வராத வண்டிக்கு, பேங்க் மெசேஜைக் காட்டினால் மூன்று நாள் விட்டுக்கொடுங்கள். நாலு தேதியையும் ஒன்றாக்கச் சொல்லலாம்தான். ஆனால் நாலு பணத்தையும் ஒரே மாதத்தில் எங்கே புரட்டுவது என்று யோசித்தால் அந்த ஆசையும் போய்விடுகிறது.

டிரைவர் தம்பிகளுக்கு ஒன்று. பணம் போய் ரசீது வராவிட்டால் அவசரப்பட்டு இரண்டாம் தடவை கட்டாதீர்கள். திரையில் தெரியும் பரிவர்த்தனை எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் மூடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி.யில் பழைய ஓனரின் போன் நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று மகள் நோட்டுத் தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்தாள். கேபினில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் டெர்மினலில் ஐந்தாறு பேர் ஏறி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரிக்காரன்,
தாசரஹள்ளி, பெங்களூரு.