பிச்சாவரத்துக்கு வீட்டோடு வாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், தில்லை என்பது ஒரு மரமாமே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். தில்லைக் கூத்தன், தில்லை அம்பலம் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மரத்தின் ஓர் இலையைக்கூட எனக்கு அடையாளம் காட்டத் தெரியாது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று மழுப்பிவிட்டு வந்தேன். அந்த நாளைதான் பிப்ரவரி மாத முதல் சனிக்கிழமை.

அன்று நாம் தில்லை மரம் நிற்கிற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையுடனும் வீட்டிலிருந்து ஒருவராவது வர வேண்டும். அப்பா, அம்மா, தாத்தா, ஆயா, யாராக இருந்தாலும் சரி. போன ஆண்டு சென்னைப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பாதிப் பேர் பேருந்தில் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் வெயிலில் வரிசையில் நின்றார்கள். கிள்ளை வழியாக அரை மணி நேரத்தில் போகக்கூடிய காட்டை விட்டுவிட்டு அங்கே போனது என் தவறுதான்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற கழிகளில் நிற்கிறது அந்தக் காடு. மோட்டார் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையாது, அதன் சத்தத்தில் நாரையும் மீன்கொத்தியும் ஓடிவிடும். துடுப்புப் படகுதான். சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காய் என்று நினைப்பீர்கள். அது தாய் மரத்திலேயே முளைவிட்டு நிற்கும் கன்று. விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறெங்காவது வேர்பிடிக்கும். வெண்கண்டல் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது, நாக்கில் வைத்தால் கரிக்கும். தில்லையிடம் இந்த விளையாட்டு ஆகாது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே படகோட்டி சொல்லாமல் எந்த இலையையும் தொடக் கூடாது. இது ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம் நான் நேற்று படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்காமலே தெரிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவியே இறாலைப் பிடித்துப் பறிக் கூடையில் போடுகிற இருளர் வீட்டுப் பெற்றோர் நம் பள்ளியில் இருக்கிறார்கள். படகுக்கு ஒருவராக அவர்கள் உட்கார்ந்து, ஓதம், அதாவது கடல் நீர், கழியில் ஏறுவதையும் வற்றுவதையும் எதை வைத்துக் கண்டுகொள்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அன்றைக்கு நாங்கள் மாணவர்கள்.

இந்தக் காடு தானாக இப்படி நிற்கவில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடம் அமிழ்ந்து பள்ளமானது. ஏறிய நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு மட்டும் தங்கியது. அந்த உப்பில் கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்தார்கள். கன்றுகள் பிழைத்தன. அப்போது மண்வெட்டி பிடித்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

ஒன்றை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகம் தணிந்தது. கடலை ஒட்டித் திறந்த மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் அழிந்தன. கண்டல் மரங்களே வேலியாக நிற்பதைச் சொல்லும் 'கண்டல் வேலி' என்ற சங்கப் பாடல் சொல்லை இத்தனை ஆண்டுகள் வெறும் வருணனையாகத்தான் நடத்தியிருக்கிறேன். உங்களில் சிலர் அன்று சிறு பிள்ளைகள், வீட்டில் ஆளை இழந்தவர்களும் உண்டு. பேச விரும்புகிறவர்கள் பேசலாம். விரும்பாதவர்களிடம் யாரும் கேட்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டையில் ஒரு மணி நேரம் நிற்போம். பறங்கியர், அதாவது ஐரோப்பியர், வந்து தங்கியதால் அந்தப் பெயர். 1781 ஜூலையில் ஐதர் அலியும் ஆங்கிலேயரும் மோதியது அங்கேதான். 1830களில் சேலத்து இரும்புத் தாதுவை உருக்கிய இரும்பாலை ஒன்றும் அங்கே நடந்தது. வரலாற்று ஆசிரியர் இதைச் சுருக்கமாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், பார்ப்போம்.

காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து நிற்கும். படகுக் கட்டணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்றுக்கொள்கிறது. புளிசாதமோ தயிர்சாதமோ டப்பாவில் கொண்டு வாருங்கள், பாலித்தீன் பை வேண்டாம். மிதவை அங்கி போடாத யாரும் படகில் ஏற முடியாது. "எனக்கு நீச்சல் தெரியும்" என்று வாதாடப் போகும் அப்பாக்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கீழே உள்ள சீட்டில் யார் வருகிறார், பிள்ளைக்கு என்ன உறவு என்று எழுதி வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். கேள்வி கேட்ட அந்த மாணவியின் ஆயா முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் தில்லை விறகு எரித்துப் புகையில் கண் கரித்தவராம். "என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே, அந்த வாத்தியாரை எதற்குக் கேட்டாய்?" என்று பேத்தியைத் திட்டியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்