உரம் போடும் வேலை முதல் நாள் மாலையிலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜொகூரின் லாபிஸ் வட்டாரத்துச் செம்பனைத் (எண்ணெய்ப்பனைத்) தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் உரம் போடும் வேலை பெரும்பாலும் குத்தகைக் குழுக்களிடம் இருக்கிறது. கூலி மூட்டைக் கணக்கு. ஆனால் காலைப் பெரட்டில் (வேலை பிரிக்கும் கூட்டத்தில்) ஆள்கள் வந்து நின்ற பிறகுதான் எந்தக் காடு (தோட்டப் பகுதி), எத்தனை மூட்டை, யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்ற பேச்சே பல இடங்களில் ஆரம்பமாகிறது. லோரிக்குக் காத்திருந்து, ஸ்டோர் சாவியைத் தேடி, முதல் மூட்டையைப் பிரிக்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. இந்தத் தாமதம் முதலாளி கணக்கில் ஏறுவதில்லை. மூட்டைக்குக் கூலி வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது. முதல் நாள் மாலை மண்டோர் (மேஸ்திரி) அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் மரத்தை எண்ண வேண்டும், ஏக்கரை அல்ல. 9 மீட்டர் முக்கோண நடவில் ஒரு ஹெக்டருக்கு 143 மரம், அதாவது ஏக்கருக்குச் சுமார் 58. ஐந்து ஏக்கருக்கு 290 மரம் என்று வைத்து, மரத்துக்கு 2 கிலோ வீதம் 50 கிலோ மூட்டை 12 ஏற்றிவிடுகிறார்கள். கனோடெர்மா என்ற பூஞ்சை நோயில் சாய்ந்தது, பள்ளத்தில் விட்டுப்போனது எல்லாம் கழித்து 262 மரம்தான் நிற்கிறது என்றால் பத்தரை மூட்டையே போதும். மிஞ்சுகிற ஒன்றரை மூட்டையைத் திருப்பித் தூக்க யாருக்கும் மனம் வராது. நிரைக் கடைசியில் ஒரே மரத்தடியில் கொட்டிவிடுவார்கள். அங்கே வேர் கருகும், காசும் போகும்.

அடுத்தது அளவு டப்பா. அதிகம் தவறு நடப்பது இதில்தான், அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். பொட்டாஷ் கனமானது, யூரியா லேசானது. பொட்டாஷுக்கு ஒரு கிலோ பிடிக்கும் டப்பாவில் யூரியா ஏறக்குறைய 700 கிராம்தான் பிடிக்கும். போன மாதம் பொட்டாஷ் போட்ட டப்பாவையே இந்த மாதம் யூரியாவுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மரத்துக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். மூட்டை மீந்துபோனதைப் பார்த்து, ஆள்கள் மரங்களை விட்டுவிட்டார்கள் என்று அவர்களைத் திட்டுவார்கள். உரம் மாறும்போதெல்லாம் பத்து டப்பாவைத் தலை தட்டி நிரப்பி, மொத்தமாக நிறுத்து, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ பிடிக்கவில்லை என்றால் பெரிய டப்பாவை எடுத்து, ஒரு கிலோ வரும் இடத்தில் உட்புறம் பெயிண்டில் கோடு போடுங்கள். ஸ்டோரில் தராசு இருந்தால் பத்து நிமிட வேலை.

பிறகு மூட்டையை எங்கே இறக்குவது என்ற கேள்வி. நிரைக்கு 20 மரம் என்றால் நீளம் 180 மீட்டர். இரண்டு நிரைக்கு நடுவே போகும் ஒரு பாதைக்கு இரு பக்கமும் சேர்த்து 40 மரம், 80 கிலோ. ஒரு நடைக்கு 20 கிலோ தூக்கினால் பத்து மரம் முடியும். எல்லா உரத்தையும் ஒரே பக்கத்து ரோட்டில் இறக்கினால் நாலு நடையில் போக வர 900 மீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் லோரி போக வழி இருந்து, பாதிப் பாதியாக இறக்கினால் 540 மீட்டரில் வேலை முடிந்துவிடும். பத்துப் பாதைக்கு 3.6 கிலோமீட்டர் நடை மிச்சம். மேட்டு நிலத்தில், வெட்டிய மட்டை அடுக்குகளைத் தாண்டி, தோளில் சுமையோடு நடப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. இரண்டு 50 கிலோ மூட்டைகளை ஐந்து சிறு பைகளாகப் பிரித்துக் கட்டும் வேலையையும் முதல் நாளே ஸ்டோரில் முடித்துவிடலாம். அதற்குத் தனிக் கூலி கொடுப்பதுதான் நியாயம். ஆனால் பைகளை இரவே காட்டில் இறக்கி வைக்காதீர்கள். திருட்டு ஒரு பக்கம் இருக்க, யூரியா ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். காலையில் உடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மரத்தடி வட்டத்தில் புல் மண்டியிருந்தால் அந்தக் காட்டைத் தள்ளி வையுங்கள்; உரத்தைப் புல்தான் தின்னும். மழையையும் பார்த்தாக வேண்டும். மழையே இல்லாமல் மண்மேல் கிடக்கும் யூரியாவின் தழைச்சத்து காற்றோடு போகும், கனமழையில் பொட்டாஷ் ஓடைக்குப் போகும். 2006, 2011 வெள்ளங்களைப் பார்த்த சிகாமாட் பக்கத்துக்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிகாலையில் மழை கொட்டினால் என்ன வேலை என்பதையும் முதல் நாள் மாலை கணக்கு எழுதும் தாளிலேயே எழுதி வைத்தால், வந்த ஆள்களை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிராது.

தாளில் எழுதினால் மட்டும் போதாது. இப்போது குழுவில் பாதிப் பேர் வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர். ரோட்டோர முதல் மரத்தில் பெயிண்டில் பாதை எண்ணைப் போட்டு, யாருக்கு எந்த எண் என்று மாலையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டால் காலையில் யாரும் யாரையும் கேட்க வேண்டாம். மதியம் காலிப் பைகளைப் பாதைவாரியாக எண்ணுங்கள். பாதைக்கு நாலு பை இறக்கி மூன்றுதான் காலி என்றால், பத்து மரம் உரம் காணவில்லை. ஆள்கள் வீட்டுக்குப் போகும் முன் தெரிந்தால் அன்றே சரிசெய்யலாம்.

மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். மர எண்ணிக்கை, டப்பா எடை, பை இறக்கும் இடம், மாற்று வேலை ஆகியவற்றை எழுத ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழிலும் அச்சிட்டு அவர்கள் வழியாகக் கொடுக்குமாறு வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.

இப்படிக்கு,
செம்பனைக் களப்பணி மேற்பார்வையாளர்கள் சிலர்,
லாபிஸ், ஜொகூர்