ஓரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

கோடுகளால் அருவ ஓவியங்கள் (உருவம் காட்டாதவை) வரைந்த ஓவியர் நஸ்ரீன் முகமதி பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை கண்டோம். 1937இல் கராச்சியில் பிறந்தது, லண்டனிலும் பாரிசிலும் படித்தது, 1972 முதல் பரோடாவில் ஆசிரியராக இருந்தது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஒன்று விடுபட்டுவிட்டது: பெரும்பாலான ஓவியங்களுக்கு அவர் தலைப்பும் வைக்கவில்லை, தேதியும் இடவில்லை.

அதனால் எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டறிய அந்தத் தாளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதன் ஓரம், பின்பக்கம், பென்சில் கோட்டின்மேல் மை ஏறியிருக்கும் விதம். பல தாள்கள் இரண்டடிக்குள் அடங்குபவை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் ஒரு கோடு அழுத்தமாகத் தொடங்கி, மெலிந்து, வெற்றுத் தாளில் கரைவது தெரியும். நரம்பு நோயால் கை தன் வசம் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளிலும் இந்தத் துல்லியத்தை அவர் விடவில்லை.

சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமத்திலும் மற்ற இடங்களிலும் வாங்கிய இத்தகைய சிறிய அருவ ஓவியங்கள் சென்னை வீடுகளில் இருக்கின்றன. ஃபிரேம் போடக் கொடுத்தால், பல கடைகளில் ஓரத்தை வெட்டி ஹார்ட்போர்டில் ஒட்டிவிடுகிறார்கள். பின்பக்கக் குறிப்பு அத்தோடு போயிற்று. போர்டின் அமிலம் ஏறித் தாள் பழுப்பாகும். நான்கு பக்கமும் ஒட்டினால், ஐப்பசி ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாக எழும்பும்.

ஓவியத்தின் பின்னால் வைக்க, அமிலமற்ற மவுன்ட் போர்டு (தடித்த அட்டை) கேளுங்கள். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் (மெல்லிய, உறுதியான நார்த்தாள்) கீற்றைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும்; பிறகு நீர் தொட்டுப் பிரித்துவிடலாம். செல்லோடேப் கூடவே கூடாது, அதன் கறை போகாது. கண்ணாடி தாளைத் தொடாமல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், தொட்டால் வியர்த்த ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பென்சில் தூளும் கண்ணாடியில் ஏறும். ஃபிரேமின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு வைத்தால் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே காற்றோடும். குளியலறைச் சுவரும் வெயில் விழும் சுவரும் வேண்டாம். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மங்கலாக இருக்கட்டும்.

ஏற்கெனவே ஒட்டிய ஓவியமானால் நீங்களே உரிக்காதீர்கள். தாள் இரண்டாகப் பிளக்கும். காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஓவியப் பராமரிப்புப் பணியில் இருப்போர்,
மயிலாப்பூர், சென்னை