ஏழாவது நகர்த்தலில் கொஞ்சம் பொறு

கோத்தகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சதுரங்க ஆட்டத்தாளைப் பார்த்துக் காய்களை நகர்த்திப் பார்த்தேன். கறுப்பு காய்களோடு பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கத்தை எடுத்தது தப்பே இல்லை. 1834-இல் லண்டனோடு தபாலில் ஆடிய பாரிஸ் அணி சிப்பாயை இ6 கட்டத்தில் வைத்ததால் வந்த பெயர் அது. பெண்களில் முதல் உலகச் சாம்பியனான வேரா மென்சிக்கும் விரும்பி ஆடியது.

வெள்ளையின் நகர்த்தல் முதலில், உன்னுடையது அடுத்து; கட்டம் மட்டும் இருந்தால் சிப்பாய்: இ4 இ6, டி4 டி5, இ5 சி5, சி3 குதிரை சி6, குதிரை எஃப்3 ராணி பி6, அடுத்து வெள்ளை பிஷப் டி3. அதுவரை பழுதில்லை. டி4-இல் சிப்பாய்கள் அடித்துக்கொண்டதும், அங்கே நிற்கும் வெள்ளைச் சிப்பாய்க்கு எஃப்3 குதிரை மட்டுமே காவல். நீ குதிரையால் அடித்தாய், உன் எதிராளி, அவளும் குதிரையால் அடித்தாள், உன் ராணி டி4-க்கு வந்தது. உடனே அவள் பிஷப் பி5-க்குப் பாய்ந்து செக். பிஷப் விலகியதும் டி1 ராணிக்கு வழி திறந்து, உன் ராணி போயிற்று.

ஏழாவது நகர்த்தலில் முதலில் பிஷப்பை டி7-இல் வை. அதற்குப் பிறகு அவள் பிஷப் பி5-க்கு வருவது செக் ஆகாது. நீ டி1 ராணியை அடித்துவிடலாம். அவள் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றிக் கோட்டை கட்டிய பிறகு டி4 சிப்பாயை எடுத்துக்கொள். குதிரையை சி3-க்குக் கொண்டுவருவாள். அப்போது இ5 சிப்பாய்க்கும் ஆசைப்படாதே. எடுத்தால் யானை இ1-க்கு வந்து ராணியை விரட்டும், குதிரை பி5-க்கு ஏறும். அதை டி7 பிஷப்பால் அடித்தாலும் அவள் பிஷப் செக் கொடுக்கும்; ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், கோட்டை கட்ட வழியில்லை. அதனால் ஏ6 வைத்து பி5-ஐ அடை. பிறகு ஜி8 குதிரையை இ7 வழியாக சி6-க்குக் கொண்டுவந்தால் இ5-ஐ நெருக்கலாம்.

அவள் ஆறாவதாக ஏ3 வைத்தால் இந்தப் பொறி இருக்காது. ஆனால் இ6, டி5 சிப்பாய்களுக்குப் பின்னால் உன் வெள்ளைக்கட்ட பிஷப் அடைபட்டுக் கிடக்கும். அதை டி7, பி5 வழியாக வெளியே கொண்டுவந்து மாற்றிக்கொள்ளப் பார். இந்தத் தொடக்கத்தில் எனக்கு எப்போதும் கவலை அந்த பிஷப் மேல்தான்.

ஊட்டியில் ஆட வரும்போது தொளதொள ஸ்வெட்டர் வேண்டாம். கை நீட்டும்போது காய்களைத் தட்டும். விரல் விறைத்து வேறு காயைப் பிடித்துவிட்டால், தொட்ட காயைத்தான் நகர்த்தணும். காயை நேராக்கணுமானால், உன் முறையில், முன்னாலேயே சொல்லிவிட்டுத் தொடு.

அடுத்த ஆட்டத்தாளையும் அனுப்பு.

அம்மா