மலை லைன் ரூட் போடுறவங்களுக்கு: முதல்ல தண்டவாளம், அப்புறம்தான் மண்ணு

வணக்கம் மக்களே,

ஓப்பன் ரெயில்ஸ்ங்குற ரயில் ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நம்ம பக்கத்து லைன்கள ராத்திரி பகலா உக்காந்து போட்டு இலவசமா குடுக்குற எல்லாருக்கும்தான் இந்த மடல். உங்க உழைப்பு மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு, அதனாலதான் மனசுல பட்டத சொல்றேன்.

மேட்டுப்பாளையம்–ஊட்டி மாதிரி மலை லைன எடுத்தா, உயர டேட்டாவ இறக்கி டெரெயின் (விளையாட்டுல வர்ற மலை, பள்ளம், தரை) ஆக்கிட்டு அது மேலயே தண்டவாளத்த படுக்க வெச்சிடுறோம். நானும் ரெண்டு வருஷம் அதத்தான் செஞ்சேன். தயவுசெஞ்சு அத விட்டுருங்க. நாம எடுக்குற எஸ்ஆர்டிஎம்ங்குற உயர டேட்டா 2000 பிப்ரவரில எண்டெவர் விண்கலம் 11 நாள் சுத்தி ரேடார்ல அளந்தது, சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், அடர்ந்த காட்டுல அந்த ரேடார் முழுசா தரையத் தொடாது, மரத்தோட உயரமும் அதுல கலந்துடும். அதனால காடு இருக்குற எடம் மேடாவும் வெட்டவெளி வந்ததும் திடீர்னு பள்ளமாவும் தெரியும், ஒடுக்கமான ஓடையெல்லாம் தூர்ந்து போயிருக்கும், பாலத்தோட தூண் பாதி மண்ணுக்குள்ள நிக்குறது இதனாலதான்.

எனக்கு நடந்தத சொல்றேன். கல்லாறுலேர்ந்து ஒரு பக்கமும் குன்னூர்லேர்ந்து ஒரு பக்கமும் போட்டுட்டு வந்து நடுவுல ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கத்துல சேக்கப் பாத்தா 14 மீட்டர் ஒசரம் இடிச்சுது. அவசரத்துல அத 100 மீட்டருக்குள்ள சரி பண்ணேன், அதாவது 7க்கு 1 ஏத்தம் (7 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும்). நிஜத்துல பல்சக்கரம் போட்ட அந்த லைன்லயே அதிகபட்சம் சுமார் 12க்கு 1தான்! கீழேர்ந்து தள்ளுற எஞ்சின் அந்த எடத்துல அப்படியே நின்னுடுச்சு. கடைசில மொத்தத்தையும் பிச்சுட்டு மறுபடி போட்டேன்.

இப்ப நான் செய்றது இதுதான். ஸ்டேஷன் போர்டுல கடல் மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரம்னு எழுதிருக்கும்ல, அத ஆணி அடிச்ச மாதிரி மொதல்ல வெச்சுக்குறேன். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2203. கல்லாறுலேர்ந்து குன்னூருக்கு சுமார் 20 கிலோமீட்டர்ல 1300 மீட்டர் ஏறணும், சராசரி 15க்கு 1 வருது, அப்ப நடுவுல எங்கயாவது 8க்கு 1 காட்டுனா அது நம்ம தப்புன்னு அங்கயே தெரிஞ்சிடும். லவ்டேல் ஊட்டிய விட உயரத்துல இருக்கு, கடைசில வண்டி இறங்கணும், இத நெறைய பேரு விட்டுடுறாங்க. போன் ஜிபிஎஸ் உயரத்த அப்படியே எடுக்காதீங்க, சில ஆப் கடல் மட்டத்த வெச்சு சொல்றதில்ல, நம்ம பக்கம் சுமார் 90 மீட்டர் கம்மியா காட்டும்.

ஏத்த இறக்கத்தோட தண்டவாளம் முழுசா முடிஞ்ச அப்புறம் டெரெயின அதுக்குத் தக்க இழுங்க. அப்பவும் ஜல்லி மேல மண்ணு முளைச்சு நிக்கும், ஏன்னா டெரெயின்ல 8 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், மீட்டர் கேஜ் லைன் அத விட ஒடுக்கம். மலைப்பக்கத்து புள்ளிய தண்டவாளத்து மட்டத்துக்குக் கீழ எறக்கிட்டு, அந்த எடத்துல பாறைச்சுவர் மாடல் வெச்சு மூடுங்க. வண்டி நுழையுற குகை வாய்லயும் அதேதான், செங்குத்தான சுவர் டெரெயின்ல வரவே வராது, ஓட்டை போட்டுட்டு சுத்தி பாறை வைங்க. அந்த லைன்ல 16 குகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாயங்காலம் ஆகும், ஆகட்டும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ரூட்ட குடுக்கும்போது ஸ்டேஷன் உயரம், எந்த எடத்துல எவ்ளோ ஏத்தம்னு நீங்க எழுதி வெச்ச கணக்கையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா கூடவே போட்டு விடுங்க, அடுத்து அந்த லைன திருத்த வர்றவங்க மறுபடி கல்லாறுலேர்ந்து தொடங்க வேணாம்.

அன்புடன்,
உங்கள்ல ஒருத்தன்